என் டாங்கியின் ஆன்டனாவும் என் அரியரும்

போன செமஸ்டர் சிம்போசியத்துல ஒரு ஓரமா மேசை போட்டு என் ஸ்கேல் மாடல்களை வச்சிருந்தேன், பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பெரும்பாலும் "இது சுடுமா ப்ரோ?"னு கேட்டுட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போனாங்க. நடுவுல நான் பெருமையா நிறுத்தி வச்சிருந்தது ஜெர்மன் பான்சர் 4, டி வகை. 1/35 அளவு. அதாவது நிஜத்துல 35 சென்டிமீட்டர் இருக்கிறது மாடல்ல 1 சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பசங்களுக்கு ட்யூஷன் எடுத்த காசுல வாங்கின கிட். பெயின்ட், துரு, சேறு எல்லாம் சேர்த்து மூணு மாசம் ஆச்சு.

ஆன்டனாவுக்கு மட்டும் மூணு நிமிஷம்தான் ஆச்சு. விளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, கண்ணளவுல ஒடிச்சு, சாம்பல் பெயின்ட் தடவி, ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன். பார்க்க கெத்தாதான் இருந்துச்சு.

அப்பதான் எங்களுக்கு ஆன்டனா பேப்பர் எடுத்த மேம் வந்தாங்க. டாங்கியை சுத்தி சுத்திப் பார்த்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"இந்த ஆன்டனா எவ்வளவு நீளம்ப்பா?"

"பதினோரு சென்டிமீட்டர் இருக்கும் மேம்."

"அது இதுல. நிஜத்துல?"

போனை எடுத்து 35ஆல பெருக்கினேன். 3.85 மீட்டர்.

"குவார்ட்டர் வேவ்னு வச்சுக்கிட்டா எந்த ஃப்ரீக்வென்சி வரும்?"

எனக்கு வாய் வரல. நான் ஈசிஇ. அந்தப் பேப்பர்ல எனக்கு அரியர். அது மேமுக்கும் தெரியும். "20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்த டாங்கில இருந்த ரேடியோ அதுதானா, பார்த்துச் சொல்லு"ன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போயிட்டாங்க. அரியரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. திட்டியிருந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அந்த டாங்கில இருந்த ரேடியோ தொகுதிக்கு எஃப்யூ 5ன்னு பேரு. 10 வாட் டிரான்ஸ்மிட்டர், 27.2 முதல் 33.3 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ஆன்டனா 2 மீட்டர் கம்பி. 35ஆல வகுத்தா 57 மில்லிமீட்டர். நான் வச்சிருந்தது அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தடிமன் அதைவிடக் கேவலம். ஈர்க்குச்சியோட அடி ஒரு மில்லிமீட்டர்னு வச்சாலே நிஜத்துல 35 மில்லிமீட்டர் வரும். டாங்கி மேல நான் நட்டது ஆன்டனா இல்ல, கொடிக்கம்பம்.

மூணு மாசமா ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ பார்த்து சரி பண்ணவன், என் சொந்த டிபார்ட்மென்ட் சமாச்சாரத்துல மட்டும் விளக்குமாத்தைத் தேடியிருக்கேன். அதுதான் குத்துச்சு. இத்தனைக்கும் அந்தக் கம்பி ஒண்ணும் அலங்காரம் இல்ல. 1940ல ஜெர்மனி பிரான்சுக்குள்ள நுழைஞ்சப்ப, கவசத்துலயும் பீரங்கியிலயும் சில பிரெஞ்சு டாங்கிகள் ஜெர்மன் டாங்கிகளை விட பலமானவை. ஆனா பலதுல ரேடியோ கிடையாது, கொடி காட்டித்தான் பேசணும். ஜெர்மன் டாங்கிப் படையை வளர்த்த குடேரியன், முதல் உலகப் போர் தொடங்கினப்ப வயர்லெஸ் பிரிவுல வேலை பார்த்தவர். டாங்கிக்கு டாங்கி பேசிக்கணும்னு அவர் பிடிச்ச பிடிவாதம்தான் அந்த 2 மீட்டர் கம்பி. இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தளபதி போற டாங்கிகள்ல எஞ்சின் மேல கட்டில் சட்டம் மாதிரி பெரிய ஆன்டனா இருக்கும். 'தலைவர் இங்கதான் இருக்கார்'னு எதிரிக்கு போர்டு மாட்டின கதை. பின்னாடி அதை எடுத்துட்டு உச்சியில நட்சத்திரம் மாதிரி விரியிற கம்பிக்கு மாறினாங்க.

சரி, புதுசா செய்யணும். முதல்ல கிட்டார் கம்பி முயற்சி பண்ணேன். ரூம்மேட் மெக்கானிக்கல், கிட்டாரும் வாசிப்பான் (அப்படின்னு அவன் நம்புறான்). அறுந்துபோன முதல் கம்பி ஒண்ணு கொடுத்தான். 0.25 மில்லிமீட்டர், நிஜ அளவுல கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஒடியாது. ஆனா சுருள் ஞாபகம் போகவே போகாது, எவ்வளவு நிமிர்த்தினாலும் வளையும். அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே தடிமன் வேற. நிஜக் கம்பி மேல போகப் போக மெலியணும். அதுவும் இல்லாம, நிமிர்ந்து நிக்கிற எஃகுக் கம்பி, குனிஞ்சு பெயின்ட் அடிக்கிறவன் கண்ணுக்கு நேரா நிக்கும். வேண்டாம்னு விட்டுட்டேன்.

மாடல் செய்யறவங்களோட பழைய வழி ஒண்ணு இருக்கு. கிட்ல பார்ட்ஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல ஒட்டிக்கிட்டு வரும்ல, ரன்னர், அதை உருக்கி இழுக்கிறது. செலவு ஒரு மெழுகுவர்த்தி. ஃபேனை நிறுத்திட்டு, ரன்னர் துண்டை ரெண்டு கையிலயும் பிடிச்சு, தீ நாக்குக்கு மேல உருட்டிக்கிட்டே இருக்கணும். தீயில படக்கூடாது, பட்டா கறுப்புப் புகையோட பத்திக்கும். (என்னோடது பத்திக்கிச்சு. வார்டன் வந்தார். கரண்ட் போச்சுன்னு சொன்னேன், டியூப்லைட் எரிஞ்சிட்டு இருந்துச்சு.) நடுவுல பளபளன்னு ஆகி லேசா தொய்யும். அந்த நிமிஷமே இழுத்தா சிலந்தி நூல் வரும். தீயை விட்டு வெளிய எடுத்து, மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணிட்டு, நிதானமா இழுக்கணும். இழுத்த பிறகு விடக்கூடாது. ஆறுற வரைக்கும் விறைப்பா பிடிச்சிருந்தாதான் நேரா நிக்கும்.

இதுல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. பிளாஸ்டிக் எங்கயும் போறதில்ல, கொள்ளளவு அதேதான். 3 மில்லிமீட்டர் ரன்னர் 0.3 மில்லிமீட்டர் ஆகணும்னா குறுக்குப் பரப்பு நூத்துல ஒண்ணாகணும், அப்ப நீளம் நூறு மடங்கு. ஒரு சென்டிமீட்டர் இளகினா ஒரு மீட்டர் இழை. கையை எவ்வளவு விரிக்கணும்னு இப்படித்தான் புரிஞ்சுது. பெரிய லாபம் என்னன்னா, இழையோட ரெண்டு முனையிலயும் தடிமன் தானா மெலிஞ்சுக்கிட்டே வரும். அந்த இடத்துல பார்த்து 57 மில்லிமீட்டர் வெட்டினா அடி தடிப்பு, நுனி ஊசி. இருபது இருபத்தஞ்சு இழை இழுத்து ஒண்ணு தேறுச்சு.

பெயின்ட் காயறதுக்காக அதை எம்-சீல் உருண்டையில குத்தி, மெஸ்ல இருந்து கொண்டு வந்த எவர்சில்வர் தட்டுல நிறுத்தி வச்சேன். லைட்டை அணைக்கப் போகும்போது பார்த்தா, தட்டுல அதோட பிம்பம் தலைகீழா நிக்குது. மேல 57, கீழ 57. நாலு நிமிஷம் அப்படியே நின்னேன். இமேஜ் தியரி! பரீட்சைல மோனோபோலுக்கு நான் படமே போடாம விட்ட கேள்வி. உலோகத் தளத்து மேல நிக்கிற கம்பிக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதி இருக்கிற மாதிரி அலை நடந்துக்கும். அதனாலதான் டைபோல்ல பாதி போதும். டாங்கியோட இரும்பு உடம்பு ஆன்டனாவைத் தாங்குற ஸ்டாண்டு இல்ல, ஆன்டனாவோட மறுபாதி.

அப்புறம் தூக்கம் ஏது. 27.2க்கு கால் அலைநீளம் 2.75 மீட்டர், 33.3க்கு 2.25. ஆனா கம்பி 2 மீட்டர்தான். குறையுதே? குறையட்டும்னு விட்டிருக்காங்க. கால் அலையை விடக் குட்டையான கம்பி கெப்பாசிட்டர் மாதிரி நடந்துக்கும், அதை ஒரு காயில் போட்டு சரிக்கட்டிடலாம். மரக்கிளையில மாட்டுற நீளத்தை விட, உள்ள ஒரு காயில் பரவாயில்ல. புத்தகத்துல இது ஒன்றரைப் பக்கம். நான் மூணு தடவை படிச்சு மூணு தடவையும் மறந்த ஒன்றரைப் பக்கம்.

ஒட்டும்போது ரூம்மேட் ஒரு யோசனை சொன்னான். "எதுக்கு மச்சி நிமிர்த்தி வைக்கிற, படுக்க வச்சிடு, ஒடியாது." சிரிச்சேன். ஆனா அவன் சொன்னது சரி. டி வகையில வலது பக்கம் ஒரு மரத்தொட்டி இருக்கு. ஆன்டனாவை உள்ள இருந்தே மடக்கி அதுல படுக்க வைக்கலாம். பீரங்கிக்கு அடியில வளைஞ்ச கம்பி ஒண்ணும் உண்டு. கோபுரம் திரும்பும்போது பீரங்கி ஆன்டனாவுல மோதாம அதைத் தள்ளி சாய்ச்சிடும். ரெண்டு பார்ட்டையும் பேரே தெரியாம ஒட்டியிருக்கேன் நான். படுக்க வச்சா வேலை முடிஞ்சுது. ஆனாலும் நிமிர்த்தித்தான் ஒட்டினேன். மேம் பார்க்கணும்ல.

ஸ்டாஃப் ரூமுக்கு டாங்கியை அட்டைப்பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போனேன். மேம் டிராயர்ல இருந்து ஸ்கேல் எடுத்து, தொடாம பக்கத்துல வச்சு அளந்தாங்க. "ம்ம். 2 மீட்டர். அப்ப கால் அலைக்குக் குறையுதே?"ன்னாங்க. இந்தத் தடவை வாய் வந்துச்சு. காயில் வரைக்கும் சொன்னேன். "இதை பேப்பர்ல எழுது"ன்னு மட்டும் சொன்னாங்க.

எழுதியிருக்கேன். அரியர் ரிசல்ட் இன்னும் வரல. ஆன்டனா முந்தாநாள் ஒடிஞ்சிடுச்சு, ரூம்மேட் துண்டை உதறினதுல. ரன்னர் இன்னும் ரெண்டு முழம் இருக்கு. மெழுகுவர்த்தி மட்டும் வாங்கணும்.