உள்ளே இருப்பது வெறும் பித்தளை இல்லை

கடலை பிடுங்கி, கொடியைப் போர் போட்டுவிட்டால் அடுத்த மழை வரை எனக்கு வேலை குறைவு. அந்த நாட்களில் ஜன்னலோரம் மேசையைப் போட்டுப் பழைய கடிகாரங்களைப் பிரிப்பேன். இளவயதில் டவுனில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். இரண்டரை ஏக்கர் மானாவாரி என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டாலும், கை அந்த வேலையை மறக்கவில்லை.

போன பங்குனியில் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் மஞ்சப்பையில் ஒரு சங்கிலிக் கடிகாரம் கொண்டுவந்தார். அவர் மாமனார் வைத்திருந்தது. கிணற்று மோட்டாரில் காயில் புகைந்துவிட்டதால் பணம் தேவை.

"தம்பி, வெள்ளிக்கடையில மேல்கூட்டுக்கு மட்டும் எடை போட்டாங்க. உள்ள இருக்கறது வெறும் பித்தளை, கழட்டி வீசிருவோம்னாங்க. நீ ஒருதரம் பாத்துச் சொல்லு."

பின்மூடியைத் திறந்தேன். உள்பக்கம் 0.800 என்ற எண்ணும், காட்டுக்கோழி முத்திரையும் இருந்தன. ஆயிரம் பங்கில் எண்ணூறு பங்கு வெள்ளி என்பதற்கான சுவிட்சர்லாந்து முத்திரை அது. 1880-களில் வந்த வழக்கம். அடுத்து இன்னொரு மூடி. அதில் இரண்டு துளைகள். ஒன்று சாவி கொடுக்க, மற்றது முள்ளைத் திருப்ப. கடிகாரம் வைத்திருப்பவர் தினமும் பார்ப்பது இந்த மூடியை மட்டும்தான். அதையும் திறந்தால்தான் கடைக்காரர்கள் 'மெஷின்' என்று சொல்லும் உள்பாகம் தெரியும்.

லென்ஸைக் கண்ணில் மாட்டி அக்காவுக்கும் காட்டினேன். சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வொரு பித்தளைத் தகட்டிலும் கொடியும் இலையும் வெட்டியிருந்தார்கள். மேலே தங்க முலாம். திருகுகளின் தலை மயில் கழுத்து நீலம். அது சாயம் இல்லை. கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது எஃகு வைக்கோல் நிறமாகி, பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாவதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 டிகிரி சூட்டில் வரும் அதே நீலம்தான் இது.

"யாரும் பாக்காத இடத்துல எதுக்குத் தம்பி இவ்வளவு வேலை?" என்று அக்கா கேட்டார்.

பனியில் அடைபட்ட உழவர்கள்

சுவிட்சர்லாந்தின் மேற்கில் ஜூரா மலை இருக்கிறது. மாடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து பிழைத்த குடியானவர்களின் ஊர்கள் அவை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிவிடும். நிலத்தில் வேலை இருக்காது. 18-ம் நூற்றாண்டிலிருந்து அந்த வீடுகளில் கடிகார வேலை பரவியது. 1741-ல் இறந்த டேனியல் ஜான்ரிஷார் என்பவர் அங்கே பலருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். லு லோக்ல் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு வீட்டில் சக்கரம், இன்னொரு வீட்டில் திருகு, வேறொரு வீட்டில் செதுக்கு வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். பகல் வெளிச்சத்துக்காக மாடியில் வரிசையாக ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். லு லோக்ல், லா ஷோ-ட-ஃபோன் ஆகிய இரு கடிகார நகரங்களையும் 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அக்காவின் கடிகாரம் வந்த காலத்தில் அங்கே தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஆனாலும் வீட்டில் இருந்தே செய்தவர்களும் நிறைய பேர். அதனால் அக்காவிடம், "நம்மளை மாதிரி வேலை இல்லாத காலத்துல உக்காந்து செஞ்ச ஆளுங்க இதுல இருந்தாங்க. வரப்பு கோணாம வெட்டறது யார் பாக்கணும்னு, அக்கா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சுத்தம் செய்த விதம்

முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கைச் சாவியைப் பிடித்தபடியே மெதுவாக இறக்கினேன். முறுக்கோடு பிரித்தால் பல் உடையும். உள்ளே எண்ணெய் காய்ந்து அரக்காகிக் கிடந்தது. பாகங்களைக் கழுவி, கூராகச் சீவிய மென்மரக் குச்சியால் ஒவ்வொரு துளையையும் துடைத்தேன். அறுந்திருந்த மெயின் ஸ்பிரிங்குக்குப் பழைய பாகங்கள் இருக்கும் டப்பாவிலிருந்து பொருத்தமானது ஒன்று கிடைத்தது. குண்டூசி முனையளவு வாட்ச் எண்ணெய், அச்சுகள் சுற்றும் துளைகளுக்கு மட்டும். நாலாம் நாள் ஓடியது. இந்த மாதிரிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை நொடிக்கு ஐந்து துடிப்பு, ஒரு நாளைக்கு 4,32,000. நாளுக்குச் சில நிமிஷம் முன்பின் போகும். அந்த வயசுக்கு அது போதும்.

விற்பதும் வைப்பதும் அக்காவின் விருப்பம் என்றேன். விற்பதானால் முழுசாக விற்கச் சொன்னேன். கூடு தனி, மெஷின் தனி என்று பிரித்துவிட்டால் சேகரிப்பவர்களிடம் இரண்டுக்குமே மதிப்புக் குறையும். அவர் இரண்டு கிடாய்களை விற்று மோட்டாருக்குக் காயில் கட்டினார். கடிகாரம் இப்போது அவர் பேத்தியிடம்.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

பரணிலோ பெட்டியிலோ இப்படி ஒன்று கிடந்தால், எடைக்குப் போடும் முன் இரண்டு மூடிகளையும் திறந்து பாருங்கள்.

புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். முலாமும் செதுக்கலும் தேய்ந்தால் திரும்ப வராது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். நின்றுபோன கடிகாரத்துக்கு வலுக்கட்டாயமாகச் சாவி கொடுக்க வேண்டாம்.

மூடியில் பிரெஞ்சில் 'எட்டு மாணிக்கம்' என்று வெட்டியிருந்தால் புதையல் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிவப்புக் கற்கள் அச்சு தேயாமல் சுற்ற வைத்தவை, மோட்டாரில் பேரிங் மாதிரி. தனியாகப் பெயர்த்தால் காசு தேறாது.

பழைய சாவிக் கடிகாரம் பிரிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில டவுன் கடைகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போய், அந்தச் செதுக்கலை லென்ஸில் ஒருமுறை பார்க்க வையுங்கள்.