பலகையின் தாகம்

நிறத்தை ஒரு பரப்பு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் கலப்பு ஊடக ஓவியத்தின் பாதி வேலை இருக்கிறது. சில பரப்புகள் தூரிகை பட்டவுடன் நீலத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடு வைத்த இடத்தில் நின்றுவிடும். அதன்பின் கெஞ்சினாலும் நகராது. சில பரப்புகள் நிறத்தை மேலேயே மிதக்க விடும். ஈரத் துணியால் துடைத்து எடுக்கலாம், விரலால் தள்ளலாம், அரை மணி நேரம் மனம் மாறிக்கொண்டே இருக்கலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வரும் பெயின்டர்கள் புதுச் சுவரைத் தட்டிப் பார்த்து, “இது ரொம்பக் குடிக்கும்” என்பார்கள். அந்தக் குடிக்கும் குணம்தான் நான் சொல்வது.

கடையில் ஜெஸ்ஸோ என்று டப்பாவில் விற்கும் பிரைமருக்கு ஒரே ஒரு தாகம். அது நடுத்தரமான, யாருக்கும் கெடுதல் செய்யாத தாகம். 1950களில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறங்கள் சந்தைக்கு வந்தபோது அவற்றோடு கூடவே வந்த பொருள் இது. நல்ல பொருள்தான். ஆனால் ஒரே பலகையில் ஒரு மூலை பென்சிலைப் பிடிக்கவேண்டும், நடுப்பகுதி மசியை வழுக்கிவிட வேண்டும், கீழ்ப்பகுதி தண்ணீர் வண்ணத்தைக் குடிக்க வேண்டும் என்றால் டப்பா கைவிட்டுவிடும். வீட்டில் கலப்பதற்கு இதுதான் காரணம். மலிவு என்று சொல்வதை நான் நம்புவதில்லை. நல்ல பசை, நல்ல டைட்டேனியம் வெள்ளை, உப்புத்தாள், தூசிக்கு முகக்கவசம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் நிற்காது.

சாக் பவுடர் ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். எங்கள் தெரு அண்ணாச்சி ஒவ்வொரு முறையும், “எத்தனை சதுரடிம்மா?” என்பார். சுவருக்கு இல்லை, படத்துக்கு என்றால், “படத்துக்கு எதுக்கும்மா பட்டி?” என்று இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். கேள்வி நியாயமானது. அவர் சுவருக்கு விற்பதும் நான் பலகைக்குப் பூசுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

என் அடிப்படைக் கலவை இது: சாக் பவுடர் 3 பங்கு, ஃபெவிகால் 2 பங்கு, டைட்டேனியம் வெள்ளை அக்ரிலிக் 1 பங்கு, தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர். பவுடரில் முதலில் தண்ணீரை மட்டும் விட்டு ஊறவைக்க வேண்டும். தூளுக்குள் சிக்கியிருக்கும் காற்று அப்போதுதான் வெளியேறும். இல்லாவிட்டால் உலர்ந்த பரப்பில் ஊசி குத்தியதுபோல் துளைகள் நிற்கும். ஊறிய பிறகு பசை, கடைசியில் வெள்ளை, பிறகு பழைய வேட்டித் துணியில் ஒரு வடிகட்டல். அடித்துக் கலக்கக் கூடாது. குச்சியால் மெதுவாகச் சுற்றினால் போதும்.

இந்த அளவில் கைவைப்பதுதான் கலை. உலர்ந்த பூச்சில் ஒவ்வொரு சாக் துகளையும் பசை சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அதற்குமேல் பசை மிச்சமிருந்தால் துகள்களுக்கு இடையேயுள்ள சந்துகளையும் நிரப்பிவிடும்; பரப்பு மூடிக்கொள்ளும், லேசாக மினுக்கும், பென்சில் வழுக்கும். பவுடரைக் கூட்டக் கூட்ட அந்தச் சந்துகள் காலியாக நிற்கும். அந்தக் காலி இடங்கள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. 2 பங்கு பசைக்கு 5 பங்கு பவுடர் போட்டால் தண்ணீர் வண்ணம் கிட்டத்தட்டத் தாளில் நடப்பதுபோலவே நடக்கும். அதையும் தாண்டினால் விரலில் வெள்ளை ஒட்டும். அந்தப் பூச்சின்மேல் ஒட்டும் எதுவும் பூச்சையும் சேர்த்துக்கொண்டு உரிந்து வரும். எல்லை எங்கே என்பது பவுடரின் நைசைப் பொறுத்தது. நைசான பவுடருக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் அது கூடுதல் பசை கேட்கும். புது மூட்டை பிரித்தால் பழைய அளவை அப்படியே நம்ப முடியாது.

பவுடரே பால்வெள்ளையாக இருக்க, வெள்ளை அக்ரிலிக் எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். சாக் காய்ந்த நிலையில் வெள்ளையாகத் தெரிவது, துகளுக்கும் காற்றுக்கும் இடையே ஒளி முறிந்து சிதறுவதால். பசைக்குள் போனதும் காற்றின் இடத்தைப் பசை பிடித்துக்கொள்கிறது. சாக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, பசையினுடையது 1.5க்குச் சற்றுக் கீழே. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. பூச்சு சாம்பல் தட்டி, கீழே ஒட்டிய செய்தித்தாளின் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. டைட்டேனியம் டை ஆக்ஸைடின் எண் 2.5க்கும் மேல். அதனால் எந்தப் பசைக்குள் போனாலும் அது மறைக்கும். எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் படங்களில் நான் அந்த வெள்ளையை விட்டுவிடுகிறேன். பழைய கணக்கு நோட்டுத் தாள்களை ஒட்டி அதன்மேல் வெறும் சாக் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினால் கிடைக்கும் பனிமூட்டத்தை எந்த டப்பாவிலும் வாங்க முடியாது.

இணையத்தில் சுற்றும் பல செய்முறைகள் சாக்குக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சொல்கின்றன. அது வேறு பிராணி. ஜிப்சத்தைச் சுட்டு நீரைப் பெரும்பகுதி வெளியேற்றிய தூள் அது. தண்ணீர் கண்டதும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சூடாகி, சில நிமிடங்களில் கல்லாகிவிடும். கலவைக் கிண்ணம் இறுகத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். பாதி கட்டிய படிகங்கள் உடைந்து, காய்ந்த பிறகு வலுவில்லாத பூச்சாகும்.

இத்தாலியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1400ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி எழுதிய ஓவியக் கைநூலில் இதற்கு வழி இருக்கிறது. பிளாஸ்டரை ஒரு தொட்டி நிறையத் தண்ணீரில் போட்டு, ஒரு மாதம், நாள்தோறும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிக்கொள்ள வாய்ப்பே கொடுக்காமல் அதன் கட்டும் சக்தியைத் தீர்த்துவிடுவது. மிஞ்சுவது மிக மென்மையான, செத்த ஜிப்சம். தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் அதைக் குழைத்து, மரப்பலகையில் அடுக்கடுக்காகப் பூசி, செதுக்கி மழித்து, மேலே தங்கத் தகடு ஒட்டினார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களிடம் சாக் இருந்தது, நேராகப் பசையில் கலந்தார்கள். நானும் வடக்கத்திக்காரர்கள் கட்சி. ஒரு மாதம் தொட்டி கிளறும் பொறுமையுள்ளவர்களைத் தடுக்கமாட்டேன்.

நம்மிடம் இதற்குச் சமமான ஒரு மரபு கண்ணெதிரே தொங்குகிறது. தஞ்சாவூர் ஓவியம். தங்கத்துக்கும் கற்களுக்கும் அடியில் இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அக்காலத்தில் பலா மரப் பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் துணியை ஒட்டி, சாக் பவுடரைப் பசையில் குழைத்துப் பல முறை பூசி, மழமழவென்று தேய்ப்பார்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையும் இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. பிறகு வருகிறது மக்கு வேலை. சுண்ணாம்புக்கல் பொடியோ சாக் பவுடரோ கோந்தில் குழைந்த விழுதைத் தூரிகையால் எடுத்துத் தூண், திருவாசி, மாலை, நகை என்று ஒவ்வோர் இடமாக மேடு கட்டுவார்கள். ஓர் அடுக்கு காய்ந்தபின்தான் அடுத்தது. அந்த மேட்டின் வளைவில் தங்கத் தகடு ஒட்டும்போது, பார்ப்பவர் ஓரடி நகர்ந்தாலும் ஒளி வேறிடத்தில் எழும். விளக்கொளியில் பார்க்கும் பூஜையறைப் படத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்! மைசூர் ஓவியத்தில் இதே வேலை மிகத் தாழ்வான மேடாக, நூல் கனத்தில் நின்றுவிடுகிறது. அதன் அடக்கமும் எனக்குப் பிடிக்கும்.

மக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விதி. கோந்து காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் பொருள். தஞ்சாவூர் மேடு நிற்பது பலகை அசையாததால். அதே விழுதை இழுத்துக் கட்டிய கேன்வாஸில் வைத்தால், விரலால் பின்னாலிருந்து அழுத்தியதும் உதிரும். சுவருக்கான வெள்ளை சிமென்ட் பட்டியையும் இதே காரணத்தால் கேன்வாஸில் வைக்கக் கூடாது. வளையும் தளத்துக்கு வளையும் பசை. கேன்வாஸ் என்றால் ஃபெவிகாலையும் விட்டுவிட்டு அக்ரிலிக் மீடியத்துக்குப் போய்விடுங்கள்.

மேடு பள்ளத்துக்குச் சேர்க்கும் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது கோலப்பொடி. வெள்ளைக்கல்லை உடைத்துப் பொடித்தது. சாக்கைவிடப் பரும்படி, மணலைவிட ஒரே சீர். பிரைமரில் ஒரு பிடி கலந்தால் பாஸ்டலும் கரியும் பற்றிக்கொள்ள நல்ல சொரசொரப்பு கிடைக்கும். அரிசி மாவு கலக்காத கல் பொடிதானா என்று கேட்டு வாங்க வேண்டும். மாவு கலந்தால் கரப்பானுக்கு விருந்து. கல் பொடி என்பதால் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். படிகக்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முட்டை ஓட்டின் உள்தோலை உரித்துவிட்டு, கழுவிக் காயவைத்து நொறுக்கிப் போட்டால் உடைந்த தரைபோல ஒரு பரப்பு வரும். அதுவும் சாக்கும் ஒரே கால்சியம் கார்பனேட் என்பதால் சண்டை இல்லை. கடல் மணலைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசாமல் தொடக் கூடாது. உப்பு உள்ளே இருந்தால் மழைக்காலத்தில் வெளியே பூக்கும்.

சமையல் சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணத்தில் சோடா கலந்தால் பொங்கிய மண்பாண்டம்போலத் தெரியும் என்று எல்லோரும் செய்கிறார்கள். தெரியும், உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் கரையும் உப்பு. மேலே ஈர வண்ணம் பட்டால் கரைந்து, வேறிடத்தில் படிகமாகி வெளியேறும். பூச்சாடிக்குச் செய்யுங்கள், படத்துக்கு வேண்டாம். சோளமாவும் மைதாவும்கூட வேண்டாம், அவை பூச்சிக்கு விருந்து. புத்தகம் பைண்டு செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது ராமபாணத்துக்குப் பயந்து. அது விஷம், சமையலறைப் பாத்திரத்தில் வைக்கும் பொருளே அல்ல. பூஞ்சை வராமலிருக்க வெண்காரம் போடலாமே என்று ஃபெவிகால் கலவையில் கொட்டினால், பிள்ளைகள் விளையாடும் ஸ்லைம்போலக் கட்டிக்கொள்ளும். தேவைக்கு மட்டும் கலந்து அன்றே தீர்ப்பதுதான் சுலபம். தண்ணீர் விட்ட கலவையை ஐப்பசியில் மூடி வைத்தால் என்ன நாற்றம் எழும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வெயில் இன்னொரு பக்கம். வெள்ளைப் பசை ஏறத்தாழ 30 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும் பொருள். நம் ஊர்ச் சித்திரை, வைகாசியைச் சொல்ல வேண்டுமா? பசை அதிகமான பூச்சுள்ள ஓவிய நோட்டைப் பரணில் வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். சாக் அதிகமான பூச்சு இந்த விஷயத்தில் கெட்டி. பக்கங்களுக்கு நடுவே கேக் தட்டில் விரிக்கும் வழவழப்புத் தாளை வைப்பது வழக்கம். உலராத பசையின் பிசுபிசுப்பை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம்: பசையைத் தடிமனாகப் பூசி, மேல் லேசாகப் பிசுபிசுக்கும்போது அதன்மேல் அக்ரிலிக் பூசினால், உலரும்போது பழைய சுவர்போல வெடிப்பு விழும். மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே அழகாக விழும். கார்த்திகை ஈரத்தில் பெரும்பாலும் விழாது.

கூரியர் அட்டையில் வேலை செய்பவர்கள் பின்பக்கத்திலும் ஒரு கை பூசிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து சுருங்கினால் அட்டை அப்பளமாகிவிடும். அந்த அட்டை சில ஆண்டுகளில் பழுப்பேறும். அதனால் விலைக்குக் கொடுக்கும் படங்களை நான் அட்டையில் செய்வதில்லை. அவற்றுக்குப் பலகை, அக்ரிலிக் மீடியம், சாக், டைட்டேனியம், அவ்வளவுதான்.

கலந்ததும் பெரிய பலகைக்குப் போவதில்லை. விரல் அகல அட்டைத் துண்டில் பூசி, உலர்ந்ததும் பென்சில், மசி, தண்ணீர் வண்ணம், மெழுகுக் க்ரேயான் என்று வரிசையாக ஒவ்வொரு கோடு. பிறகு ஈர விரலால் ஒரு தேய்ப்பு, நகத்தால் ஒரு கீறல். பின்னால் பங்கு அளவையும் மாதத்தையும் குறித்து வைப்பேன். ஆவணியில் நடந்தது மார்கழியில் நடக்காது. இந்தத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்திருக்கின்றன. வகுப்புக்கு வரும் பெண்கள் படங்களை விட்டுவிட்டு அந்த டப்பாவைத்தான் முதலில் திறக்கிறார்கள். “அக்கா, இதையே ஃபிரேம் போட்டுடலாமே” என்கிறார்கள். எனக்கு அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.