ஏழூர் வலமும் எம் இல்லத்தாரும்

சித்திரைத் திங்களில் முழுமதியை ஒட்டி வரும் விசாக நாளன்று ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியாரும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையாரும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்னும் ஆறு தலங்கட்கும் சென்று திருவையாறு மீளும் ஏழூர் விழாவினைச் சைவ நன்மக்கள் நன்கறிவர். பங்குனிப் புனர்பூசத்தன்று திருமழபாடியில் நந்தியார்க்குத் திருமணம் முடித்த பெருமான், அம்மணத்திற்குப் பழமும் சோறும் வேதியரும் அணியும் பூவும் நெய்யும் உதவிய ஊர்கட்கு மணமக்களுடன் நேரிற் சென்று நன்றி கூறுவதாக இதனை நம் முன்னோர் வகுத்தனர். சக்கரப்பள்ளி, குடந்தை, மயிலாடுதுறை முதலிய இடங்களிலும் ஏழூர் விழாக்கள் உள. எனினும் யான் கூறப்புகுவது ஐயாற்று விழாவைப் பற்றியே.

இவ்விழாவிற்கு யான் பல ஆண்டுகளாகச் சென்று வருபவன். ஆயின் தனியே சென்று வருபவன். திருமுறை ஓதும் அன்பர் சிலருடன் பல்லக்கின் பின்னே நடப்பதும், மூன்றாம் நாள் வீடு திரும்பிக் கால்வலிக்கு எண்ணெய் பூசுவிப்பதும் வழக்கம். மனைவியையும் மக்களையும் உடனழைத்துச் செல்லும் எண்ணம் எனக்குத் தோன்றியதேயில்லை. குழந்தைகள் இருப்பின் பதிகம் ஓதுதற்கு இடையூறு என்பது யான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

சென்ற சித்திரையில் என் மைத்துனர் தம் குடும்பத்துடன் உதகைக்குச் சென்று வந்தார். அவர் மக்கள் தம் கைப்பேசியில் காட்டிய மலைக்காட்சிகளைக் கண்ட என் மகனும் மகளும் இரண்டு நாள் முகம் வாடியிருந்தனர். விடுதிக்கும் வண்டிக்கும் உணவுக்கும் அவர் செலவிட்ட தொகை எனக்கு இரண்டு திங்களின் ஊதியம். "நம்மாலாகாது" என்று யான் கூறினேன். அப்பொழுது என் மனைவி, "உதகை நம்மாலாகாது, சரி. நீங்கள் ஆண்டுதோறும் போகிற ஊர்வலத்திற்கு என்ன செலவு?" என்று வினவினாள். யான் விடை கூறவில்லை. "செலவில்லாத இடத்திற்கும் எங்களை அழைத்துப் போகவில்லையே" என்று மேலும் ஒன்று கூறிவிட்டு அடுக்களைக்குட் சென்றுவிட்டாள்.

அன்றிரவு எனக்குச் சிவபாத இருதயர் நினைவு வந்தது. சீகாழியில் அவர் நீராடப் புறப்பட்டபொழுது மூன்றாண்டு நிரம்பிய பிள்ளையார் பின்தொடர்ந்து அழுதார். தந்தையார் விலக்கியும் நில்லாமையால் உடனழைத்துச் சென்றார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். நம் சமயத்தின் திருஞானசம்பந்தப் பேறு முழுதும், ஒரு தந்தை தம் பிள்ளையை மனமில்லாமலே உடனழைத்துச் சென்ற அந்த ஒரு காலைப்பொழுதில் தொடங்கியதன்றோ? இப்பகுதியை யான் எத்துணை முறை சொற்பொழிவிற் கேட்டிருப்பேன்! என் வீட்டு வாயிலுக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பது அதுவரை படவில்லை.

தஞ்சையிலிருந்து நால்வரும் நகரப் பேருந்தில் ஏறினோம். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை; ஆதலின் எனக்கொரு சீட்டும் மகனுக்கு அரைச் சீட்டுமே செலவாயின. புளிச்சோறு, தயிர்ச்சோறு, மாவடு, வேர்க்கடலை, ஒரு பழைய சமுக்காளம் ஆகியவை மனைவியின் ஏற்பாடு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி எனப் பாலங்களை எண்ணிக்கொண்டே வந்த மகள், "அப்பா! ஐந்தாறு என்பது இதுதானா? ஒன்றிலும் தண்ணீர் இல்லையே!" என்றாள். மேட்டூர் அணை 1934-இல் அமைந்த பின் நீர் திறக்கும் வழக்கமான நாள் சூன் 12. சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும். அம்மணலின் மீதே பல்லக்குகள் அக்கரை செல்லும் என்று விளக்கினேன். ஆற்றின் நடுவே நடக்கப் போகிறோம் என்பதைக் கேட்டதும் மகன் உதகையை மறந்தான்.

ஐயாற்றில் முழவொலி கேட்டு, மழை முழக்கமென அஞ்சிய மந்திகள் மரமேறி முகிலைப் பார்ப்பதாகச் சம்பந்தப் பெருமான் பாடியிருத்தலைக் கூறினேன். அவன் அன்று முழுதும் மரந்தோறும் மந்தியைத் தேடினான். யான் தூரத்துக் கோபுரத்தைக் காட்டினால் அவன் கிளையைக் காட்டுவான்.

திருப்பழனத்தில் தொல்லை தொடங்கியது. பனிக்கூழ் விற்பானொருவனைக் கண்டு மகன் நின்றுவிட்டான். பல்லக்கு நகர்கின்றது, உடன்வந்த அன்பர்கள் ஓதிக்கொண்டு முன்செல்கின்றனர். யான் அவனை அனைவர் முன்னும் உரக்கக் கடிந்து, கையைப் பற்றி இழுத்தேன். சிறிது நேரத்தில், எவ்வாறு பற்றினேனோ அவ்வாறே அக்கையை விட்டும் விட்டேன். காவிரி மணலில் இறங்கிப் பாதி கடந்தபின் திரும்பிப் பார்த்தால் அவனைக் காணவில்லை.

அரை மணி நேரம். அம்மணற்பரப்பில் யான் ஓடிய ஓட்டத்தை விரித்தெழுத விரும்பவில்லை. மனைவி ஒரு சொல்லும் கூறாமல் மறுபுறம் ஓடினாள். அவள் பேசாமை எனக்குப் பேச்சினும் கொடிதாயிருந்தது. வாயில் பதிகம் இல்லை. அவன் பெயரே இருந்தது.

தென்கரையில் நீர்மோர்ப் பந்தலொன்றின் நிழலில், மூதாட்டியொருத்தியின் அருகே, வாயைச் சுற்றிச் சோற்றுப் பருக்கையுடன் அவன் அமர்ந்திருந்தான். கண்டதும் எனக்கு வந்தது மகிழ்ச்சியன்று, சினம். "யார் கொடுத்ததைத் தின்கிறாய்?" என்று கையை ஓங்கினேன். ஓங்கிய கை அங்கேயே நின்றது. சீகாழிக் குளக்கரையில் பாலொழுகிய வாயைக் கண்டு கோலெடுத்த தந்தையாரும் இதே வினாவை அன்றோ வினவினார்! என் மகன் பிள்ளையாரல்லன். யான் சிவபாத இருதயரின் அடிப்பொடிக்கும் நிகரல்லேன். உவமை கூறுதல் பிழை. ஓங்கிய கை மட்டும் ஒன்றாயிருந்தது. அம்மூதாட்டி, "அடிக்காதீங்க ஐயா, பசியோட வந்த பிள்ளை. சோற்றுத்துறைக்கு வந்தவன் சோறு தின்றால் குற்றமா?" என்றார். பஞ்ச காலத்தில் அடியவரொருவர்க்கு உலவாத உணவுக்கலம் அளித்த இறைவனது ஊர் அது. அவர் எங்களுக்கும் மோர் வார்த்தார். காசு நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் தென்னந்தோப்பொன்றில் சமுக்காளம் விரித்துக் கட்டுச்சோற்றை உண்டோம். கோயிலுள் உண்ணலும் உறங்கலும் வீண்பேச்சும் ஆகாவென்று நாவலர் பெருமான் விதித்தவற்றை மகளுக்கு முன்பே கூறியிருந்தேன். தோப்பில் அவ்விதி இல்லையாதலின் வீண்பேச்சு நிரம்ப நிகழ்ந்தது. மக்கள் சிரிக்க, மனைவியும் சிரித்தாள். இது வழிபாடா, பொழுதுபோக்கா என்னும் ஐயம் அப்பொழுது என்னுள் எழுந்தது. சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழச் சொல்கின்றது. தோப்பில் மாவடு கடிப்பதைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. ஆயினும், கயிலைக் காட்சியை வேண்டி உடல் தேயத் தனியே ஊர்ந்து சென்ற அப்பரடிகட்கு, இதே ஐயாற்றில் இறைவன் அக்காட்சியை எவ்வாறு காட்டினான்? பிடியொடு களிறாகவும், பேடையொடு சேவலாகவும், இணையிணையாக வரும் உயிர்களிற் காட்டினான். தனித்த ஓர் உயிரையும் அப்பதிகத்தில் யான் கண்டிலேன். தனியே நடந்த பல சித்திரைகளிலும் அப்பதிகத்தைத்தான் ஓதினேன் என்பதை எண்ணி நாணினேன்.

திருவேதிகுடிக்கு யாங்கள் செல்லவில்லை என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. மகனின் கால்கள் ஓய்ந்துவிட்டன. தானி ஒன்றில் கண்டியூர் சென்று பல்லக்குகளின் வரவிற்குக் காத்திருந்தோம். உடன்வந்த அன்பரொருவர் "ஓரூர் குறைந்ததே" என்றார். குறைந்ததுதான்.

மறுநாட் பூந்துருத்தி வழியில் மகனைத் தோளிற் சுமந்து நடந்தேன். அப்பரடிகள் மடம் அமைத்துத் தங்கிய ஊர் அது. சம்பந்தப் பெருமான் வந்தபொழுது, கூட்டத்துள் மறைந்து அவரது சிவிகையைத் தாமும் ஒருவராய்த் தாங்கியதும் அங்கேதான். மகள், "அப்பர் தாத்தா போன்றவராயிற்றே, சின்னப் பிள்ளையின் பல்லக்கை அவர் ஏன் சுமந்தார்?" என்று வினவினாள். அடியார்க்கடிமையின் இலக்கணத்தை யான் எடுத்துரைக்கத் தொடங்குமுன் என் மனைவி, "பிள்ளையைத் தூக்குவதற்கு வயது என்ன?" என்று முடித்துவிட்டாள். யான் கற்ற விளக்கம் எதுவும் பின்னர் வேண்டியிருக்கவில்லை.

நெய்த்தானம் வழிபட்டு ஐயாறு மீண்டபொழுது ஏழூர்ப் பல்லக்குகளும் தேரடியில் வரிசையாக வந்து நின்றன. பொம்மையொன்று ஒவ்வொரு பல்லக்கின்மீதும் பூச்சொரிவதைக் காணத் திரண்ட கூட்டத்தில் மகனை உயர்த்திப் பிடித்தேன். அவன் கைகொட்டினான். அப்பொம்மையை இயக்கும் கயிறு எங்குள்ளதென்று மகள் ஆராய்ந்தாள்.

வீடு வந்து கணக்கெழுதினேன். பேருந்து, தானி, தேங்காய் பழம், இறுதியில் வாங்கித் தந்த பனிக்கூழ் யாவும் சேர்ந்தும் உதகை விடுதியின் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு எட்டவில்லை. யான் அதனைப் பெருமையுடன் காட்டியபொழுது மனைவி ஏட்டைப் பார்க்கவேயில்லை. "திருமணத்தைப் பார்க்காமல் நன்றி சொல்லும் ஊர்வலத்திற்கு மட்டும் போய் வந்திருக்கிறோமே, பங்குனியில் மழபாடிக்கு எந்தப் பேருந்து?" என்றாள். கொள்ளிடப் பாலம் கடந்தால் மழபாடி என்றேன். "அங்கும் மணல்தானா?" என்று உறக்கக் கலக்கத்தில் மகன் கேட்டான்.