ஹாம்பிள்டன் திராட்சைத் தோட்டம்

மதுவைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் எழுதுவதா என்று அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நான் குடிப்பவன் அல்லன். தோட்டத்தைப் பார்க்கவே போனேன்.

நீண்ட விடுப்பில் இங்கிலாந்திலுள்ள மைத்துனர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அவர் என்னை ஹாம்ப்ஷயர் மாவட்டத்து ஹாம்பிள்டன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து பீட்டர்ஸ்ஃபீல்டு வரை ரயில், அப்பால் டாக்ஸி. ஊருக்கு அருகில் ரயில் இல்லையா என்று கேட்டேன். ரயில்வே குமாஸ்தாவின் புத்தி வேறெங்கே போகும்? முன்பு இருந்ததாம். 1903-இல் திறந்த மியான் பள்ளத்தாக்குப் பாதையில், ட்ராக்ஸ்ஃபோர்டு நிலையத்தின் பெயரோடு ஹாம்பிள்டனின் பெயரும் சேர்ந்திருந்தது. 1955-இல் அப்பாதையில் பிரயாணிகள் வண்டி நின்றுவிட்டது. இவ்வூர்த் திராட்சை மது முதன்முதலில் விற்பனைக்கு வந்ததும் அதே 1955-இல்தான்.

கிரிக்கெட் பிரியர்கள் இவ்வூர்ப் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1777-இல் இங்கிலாந்து அணியையே இன்னிங்ஸ் தோல்வி காணச் செய்த கழகம் இவ்வூருடையது.

ஆங்கில நாட்டிற்குத் திராட்சை புதிதன்று. 1086-ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கேட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தோட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அவை அருகி மறைந்தன. வேல்ஸ் நாட்டில் பியூட் பிரபு 1875-இல் தொடங்கிய தோட்டமும் முதல் உலகப்போருக்குப் பின் நிலைக்கவில்லை. அதன்பின் பல்லாண்டுகள் இந்நாட்டுத் திராட்சையில் மது செய்து விற்பார் எவருமில்லை.

அந்த நிலையில், 1952-இல், ஐம்பத்தைந்து வயதளவில் இருந்த சர் கை சாலிஸ்பரி-ஜோன்ஸ் என்னும் படைத்தளபதி தம் வீட்டை அடுத்த சரிவில் கொடி நட்டார். போருக்குப் பின் பாரிஸில் இராணுவப் பிரதிநிதியாக இருந்தவர். கொடி நட்டபோது, அயல்நாட்டுத் தூதர்களை அரண்மனைக்கு அழைத்துச் செல்லும் பதவியில் இருந்தார். செவ்வுடையும் வாளுமாக அரசவையில் நின்றவர் ஊருக்கு வந்தால் மண்வெட்டியோடு நிற்பார் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு உவகையாயிருந்தது.

சரிவு தெற்கு நோக்கியது. மேல்மண் மெல்லியது, அதன் கீழே வெள்ளை வெளேரென்ற சுண்ணப் பாறை. என் காலணியெல்லாம் மாவு பூசியதுபோலாயிற்று. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் இருப்பதும் இவ்வகைச் சுண்ணமே. மழைநீர் வேரில் தேங்காது இறங்கிவிடும். ஆயினும் பாறை ஈரத்தைக் காத்திருக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கிற்போல் இங்கே பந்தல் கிடையாது. கம்பிகளில் இடுப்பளவு உயரத்தில் கொடியை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். வெயில் அருமையான நாட்டில் ஒவ்வோர் இலைக்கும் ஒளி வேண்டுமல்லவா?

ஏப்ரலில் அரும்பும் கொடியை மே மாதத்துப் பனி ஒரே இரவில் கருக்கிவிடும். ஓராண்டு உழைப்பும் அதோடு போயிற்று. அத்தகைய இரவுகளில் வரிசைகளின் நடுவே பெரிய மெழுகுத் திரிகளை ஏற்றிக் காவலிருப்பது இந்நாட்டுத் தோட்டக்காரர் வழக்கம். விடியும்வரை நிலையத்தில் விழித்திருந்து பழகிய எனக்கு அந்தக் காவலின் அருமை நன்றாகத் தெரியும்.

தளபதி செய்தது நுரையற்ற வெள்ளை மது. இப்போது இங்கே செய்வது நுரைக்கும் மது. புளித்த சாற்றைப் புட்டியில் அடைத்து, மீண்டும் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் இட்டு மூடுகிறார்கள். உள்ளே எழும் வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்துவிடுகிறது. பின் ஆண்டுக்கணக்கில் அதைக் குளிர்ந்த அறையில் கிடத்துகிறார்கள்.

தளபதி 1985-இல் காலமானார். தோட்டம் பல கை மாறி, 2023-இல் பழைய மது வாணிகக் குடும்பங்கள் இரண்டின் வசமாயிற்று. இன்று பிரிட்டனில் 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் திராட்சை பயிராகிறது. வெப்பம் கூடிவரும் காலநிலையும் இதற்கு ஒரு காரணம். அதை நினைத்து மகிழ்வதா என்பது வேறு கேள்வி.

மைத்துனர் ஒரு கிண்ணம் வாங்கினார். “அத்தான், முகர்ந்தாவது பாருங்கள்” என்று நீட்டினார். முகர்ந்தேன். பச்சை ஆப்பிளும், அப்போதுதான் சுட்ட ரொட்டியும் கலந்த மணம். ரொட்டி மணம், புட்டியில் மடிந்து கிடந்த ஈஸ்டினால் வருவதாம். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் டாக்ஸியைச் சற்று நிறுத்தச் சொல்லி அந்தப் பழைய ரயில் பாதையைப் பார்த்தேன். தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, இன்று அது மரநிழலில் நடைபாதை. ஒரு முதியவர் நாயோடு போய்க்கொண்டிருந்தார்.