குட்டியின் வயிறும் குழந்தையின் கண்ணும்

தாய்நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம் உருளைப்புழுக்கள், கர்ப்பகாலத்தில் விழித்தெழுந்து கருவிலிருக்கும் குட்டியின் தேகத்தில் பிரவேசித்துவிடுவதால், அச்சிறு ஜீவன் பிறக்கும்போதே புழுவைச் சுமந்து வருகிறது. உப்பிய அதன் வயிற்றைக் கண்டு, நன்றாகப் பால் குடித்திருக்கிறதென்று நாம் பூரித்துப்போகிறோம். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் உடனே தீங்கு செய்வதில்லை. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து பக்குவமடைந்த பின்னரே, மண்ணளைந்த விரலைச் சூப்பும் குழந்தையின் குடலை அடைந்து பொரிந்து, ஈரல், நுரையீரல், சில வேளை விழித்திரை வரையிலும் சென்று பார்வையையே அபகரிக்க வல்லவை.

ஆகையால் மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். குட்டிக்கு 2 வாரம் ஆனதுமே, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பூச்சி மருந்தைத் தொடங்கி, தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். குட்டியைத் தெருவில் விட்டுவிடுமாறு மட்டும் தயவுசெய்து எவரும் யோசனை சொல்லவேண்டாம். மருந்திருக்க அந்த வாயில்லா ஜீவனைத் தண்டிப்பதை என் மனம் ஒப்பவில்லை.