சப்டைட்டிலுக்கு வெளியே

கேரளத்தில் வசிப்பவனுக்கு உலக சினிமா வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று சென்னை, மதுரை நண்பர்கள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. 1965ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிய பிறகு, சின்ன ஊர்களில்கூட இத்தகைய சங்கங்கள் முளைத்தன. டீக்கடையில் பெர்க்மனைப் பற்றிச் சண்டை நடக்கும் என்று சொல்வதில் கொஞ்சம் மிகை உண்டு. முழுப் பொய் அல்ல. மறு பாதி என்னவென்றால், அந்தச் சண்டை மலையாளத்தில் நடந்தது. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலும் இருக்கும் தமிழர்கள் ஓரமாக நின்று கேட்டோம்.

நான் பிறந்தது இடுக்கி மாவட்டத்து எஸ்டேட் லயம் ஒன்றில். சினிமா என்றால் எம்.ஜி.ஆர்.; அவரைப் பார்க்க மலை இறங்கிப் போடிக்குப் போகவேண்டும். பிறகு தூர்தர்ஷன் வந்தது. ஞாயிறு மதியங்களில் விருது வாங்கிய மாநில மொழிப் படங்களைப் போட்டார்கள். மற்றவர்கள் சலித்துப்போய் எழுந்த பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன். வேலை கிடைத்துப் பாலக்காட்டுக்கு வந்ததும் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் சேர்ந்தேன். கடகடக்கும் 16 எம்.எம். ப்ரொஜக்டர், சுருக்கம் விழுந்த திரை, ரீல் மாற்றும்போதெல்லாம் ஒரு பீடி இடைவேளை. டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) அங்கேதான் பார்த்தேன். சைக்கிள் போனால் வேலை போய்விடும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போய்விடும்.

அந்தச் சங்கத்தில் தமிழுக்கு மரியாதை தேடித்தந்தவர் ஒரு மலையாளி: ஜான் ஆபிரகாம். ரித்விக் கட்டக்கின் மாணவர். 1977ல் அவர் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' தமிழ்ப் படம். திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பிறகு ஜானும் நண்பர்களும் 'ஒடேஸா' என்ற இயக்கத்தைத் தொடங்கி, மக்களிடம் சிறுசிறு தொகையாக வசூலித்து 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். ஊர் ஊராக ப்ரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்டினார்கள். 1987ல் கோழிக்கோட்டில் கட்டடத்திலிருந்து விழுந்து ஜான் இறந்தபோது அவருக்கு வயது 49.

1996ல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா, பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்தது. எனக்கு அது ராத்திரி ரயில், லாட்ஜ் வாடகை, மேலதிகாரியிடம் லீவு என்று வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு. 2021ல் மட்டும் கோவிட் காரணமாக 25-வது விழாவை நான்கு ஊர்களுக்குப் பிரித்தார்கள். மார்ச் 1 முதல் 5 வரை பாலக்காட்டின் முறை. தொற்று இல்லை என்ற சான்றிதழும் முகக்கவசமுமாகப் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு சுவர்ண சகோரம் வென்ற படம் தென் ஆப்பிரிக்கா சூழ்ந்த சிறு மலைநாடான லெசோதோவிலிருந்து வந்தது. 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரெஸரெக்ஷன்' (2019). இயக்குனர் லெமோஹாங் ஜெரமையா மொசேசே. 80 வயது விதவை மந்தோவா. சுரங்க வேலைக்குப் போன மகனும் இறந்துவிடுகிறான். அணை கட்டுவதற்காக ஊரே இடம்பெயர வேண்டும் என்கிறார்கள். அவள் சொந்தக்காரர்கள் புதைந்திருக்கும் மயானமும் தண்ணீருக்குள் போகும். அவள் மறுக்கிறாள். அந்த வேடத்தில் நடித்த மேரி ட்வாலா 2020ல் காலமானார்.

இடுக்கிக்காரனுக்கு இது வெளிநாட்டுக் கதை அல்ல. 1961ல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஏ.கே. கோபாலன் அமராவதியில் உண்ணாவிரதம் இருந்த மாவட்டம் அது. எங்கள் அப்பா எஸ்டேட் சரிவு ஒன்றில் புதைக்கப்பட்டவர். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து என்னோடு சித்தூருக்கு வந்துவிட்டார். அந்தச் சரிவில் எங்களுக்கு ஒரு சாண் உரிமையும் கிடையாது.

பின்னால் வீட்டில் அந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டேன். மலையும் ஆடும் கறுப்புத் துணியும் வரும் காட்சிகளில் நான் வாயைத் திறந்தால், "நீ சும்மா இருடா, தெரியுது" என்றார். ஊர்க்கூட்டம் வந்ததும் நிமிர்ந்தார். "என்ன பேசிக்கிறாங்க? விடாம சொல்லு." ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வதற்குள் அடுத்த வரி ஓடிவிடும். மூன்று முறை நிறுத்தி ஓட்டினோம். "செத்தவங்கள என்ன செய்யப் போறாங்கன்னு முதல்ல கேளு" என்றார், திரையில் இருப்பவர்கள் நான் கேட்டால் பதில் சொல்வார்கள் என்பது போல.

நல்ல சினிமாவுக்கு மொழி தேவையில்லை என்று விழா மேடைகளில் பேசுகிறார்கள். மலையைப் பார்க்க மொழி வேண்டாம்தான். வீட்டை விட்டுப் போகச் சொல்லும் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள மொழி வேண்டும். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பகுதிதான்.

இப்போதெல்லாம் ஒரு படத்தை முதலில் தனியாகப் பார்த்து, வசனங்களை நோட்டுப்புத்தகத்தில் தமிழில் எழுதிவைத்து, பிறகு அம்மாவுக்குப் படித்துக்காட்டுகிறேன். ஒரு படத்துக்கு இரண்டு ராத்திரி பிடிக்கிறது. இதை ஒழுங்காக அச்சேற்றித் திரைக்குக் கீழே ஓட விடுவது எந்தத் திரைப்பட சங்கத்துக்கும் பெரிய செலவல்ல. மூணாறிலும் சித்தூரிலும் ஒரு திரை, நாலு படம், கீழே தமிழ் எழுத்து போதும். தமிழில் படமே எடுத்துக் காட்டிவிட்டுப் போனார் ஜான். எஞ்சியிருப்பது வரிகளை மாற்றும் வேலை மட்டுமே.