பூட்டிய குடிசை

கணக்கெடுக்க வந்தவர்கள் சித்தியின் குடிசையைத் தாண்டிப் போனபோது நான் எதிரேதான் நின்றிருந்தேன். "ஆள் இல்லையே தம்பி, பூட்டிக் கிடக்கு." திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார் என்றேன். "அப்ப இங்க குடியில்லைன்னுதான அர்த்தம்?" என்றார் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மனை சொந்தமாக இருக்க வேண்டும், குடிசையில் குடியிருக்க வேண்டும். பட்டா சித்தப்பா பேரில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கவே எங்கள் காலனிக்கு ஒரு தலைமுறை ஆனது. சித்தி விழுந்தது இரண்டாவது நிபந்தனையில். மழை பொய்த்தால் இந்தக் காட்டில் கூலி கிடையாது. நிலம் இருப்பவன் ஊரில் இருந்து சமாளிப்பான். எங்கள் ஆட்கள் பஸ் ஏறுவார்கள்.

பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவு தொடங்கியது 2016-ல். அதற்கு அடிப்படை 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. விடுபட்டவர்களுக்காக 2018-ல் மறுபடி எடுத்தார்கள். சித்தி அப்போதும் திருப்பூரில்தான்.

திருப்பூரிலேயே கேட்கலாமே என்பீர்கள். லைன் வீட்டு ஓனர் வாடகைப் பத்திரம் எழுதித் தர மாட்டார். குடிபோன அன்று "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டவரும் அவர்தான். 2020-லிருந்து ரேஷன் அரிசியை எந்த ஊரிலும் வாங்கலாம். வீட்டுக்கு அப்படி இல்லை.

இன்னொன்று. நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், குடும்பத்துக்கு இந்தியாவில் எங்குமே காரை வீடு இருக்கக்கூடாது. தள்ளுவதற்கு நாடு முழுக்கத் தேடச் சொல்லும் அரசு, சேர்ப்பதற்குக் கதவைத் தட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

கிராம சபையில் கேட்கலாம்தான். ஆனால் ஜனவரி 26 வருவதற்குள் பொங்கலுக்கு வந்த சனம் திரும்பியிருக்கும். அதனால் இந்த முறை கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேருடன் நோட்டு எடுத்துக்கொண்டு பூட்டிய வீடுகளை நாங்களே எழுதினோம்: யார் பேரில் பட்டா, எங்கே வேலை, எத்தனை வருசம், ரேஷன் கார்டு, அக்கம்பக்கத்தார் கையெழுத்து. இதுவரை 17 வீடு. தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

ராத்திரி சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "பூட்டாமப் போயிருந்தா எழுதியிருப்பாங்களாப்பா?"